கோணாறு மீட்புப் பந்தி

ஆறுகளைச் சுத்தம் செய்ய உலக நாடுகள் பல மூட வழிகளைக் கையாண்டு பார்த்திருக்கின்றன. சில நாடுகளில் சாக்கடையை ஆற்றில் விடுவதை நிறுத்திப் பார்த்தார்களாம். வேறு சில நாடுகளில் விட்டவனைப் பிடித்து அபராதம் போட்டார்களாம். இப்படிப்பட்ட முரட்டு வைத்தியம் எதுவுமில்லாமல், ஆற்றில் ஒரு விரலைக்கூட நனைக்காமல், கூடிப் பேசியே அதன் தரத்தை உயர்த்திக் காட்டிய பெருமை நாஞ்சில் நாட்டில் நெட்டவிளை என்ற ஊரையே சேரும். அந்த ஊர் ஓரமாக ஓடும் கோணாற்றின் பெயரைச் சொன்னால், வருங்காலத்தில் நீரியல் படிக்கும் பிள்ளைகள் எழுந்து நின்று மரியாதை செய்வார்கள் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

இந்தச் சாதனைக்கு மூலகாரணம் சுயம்புராஜ். அபுதாபியில் இருபத்தைந்து வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஊரார் அறைகளையெல்லாம் குளிரவைத்த மனிதருக்குத் தன் உடம்பைக் குளிரவைக்க வழியில்லை. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலுக்குக் கொதித்து ஷவரில் இறங்கும் தண்ணீரில், வெளியே ஏழு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, காதில் ஒட்டிய சோப்பு நுரை போகுமுன் குளித்துவிட்டு வெளியேற வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு போன் போட்டால் அவர் முதலில் கேட்டது "சொகமா இருக்கியா?" என்பதல்ல. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்ற அர்த்தத்தில், "ஆத்துல வெள்ளம் உண்டுமா?" என்பதுதான். மனைவி பூங்கனிக்கு இதில் இன்றுவரை தீராத வருத்தம்.

ஒருவழியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். பூங்கனி அவருக்காகவே ஓடு பதித்த குளியலறை கட்டி வைத்திருந்தாள். சுயம்புராஜ் எட்டிப் பார்த்தார். சுவரில் தொங்கிய ஷவரைக் கண்டதும் அபுதாபிதான் திரும்ப வந்துவிட்டதோ என்று பின்வாங்கினார். தலையில் எண்ணெயை வைத்து, தோளில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு படித்துறைக்கு நடந்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்று கண்ணை மூடி "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். அக்கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர் யாரோ முங்கிச் சாகிறார்கள் என்று நினைத்து ஆற்றில் குதித்துவிட்டார்.

அந்த ஆனந்தத்தில் மண் விழுந்தது கோலப்பனால். கோலப்பன் ஊரில் பெரிய புள்ளி. படித்துறைக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையை ஒட்டி, 'கோலாகலம் மஹால்' என்று ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். நாகர்கோவிலில்கூட அப்படி ஒன்று கிடையாது என்று ஊர் சொல்லிக்கொண்டது. லிஃப்ட் உண்டு, மணமகளுக்கு ஊஞ்சல் உண்டு, ஒரே நேரத்தில் ஐந்நூறு பேர் உட்காரும் பந்திக்கூடம் உண்டு. கழிவுநீர்த் தொட்டி ஒன்றுதான் இல்லை. அதுவும் வரைபடத்தில் மிக அழகாக இருந்தது. தரையில் அதற்குப் பதிலாக, ஓர் ஆள் தவழ்ந்து போகக்கூடிய அகலத்தில் ஒரு சிமெண்டுக் குழாய் ஆற்றைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கோணாறு மதச்சார்பற்ற ஆறு என்பது அதன்பிறகுதான் தெரியவந்தது. முகூர்த்த நாளில் சாம்பாரும் பாயசமும் வந்தன. திங்கட்கிழமை மாதா கோவிலில் கல்யாணம் என்றால் பிரியாணி நெய் மிதந்து வந்தது. ஆறு எந்த வேறுபாடும் பாராட்டாமல் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டது. அழைப்பிதழ் இல்லாமலே எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் என்ன கறி என்று சொல்லக்கூடியவர் ஊரில் சுயம்புராஜ் ஒருவர்தான். முங்கி எழுந்தால் தலையில் இருக்கும்.

முதுகில் தொடங்கிய சொறி கழுத்துக்கு ஏறியபோது பூங்கனி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு அந்தக் கொழாய அடைக்கச் சொல்லுங்க. இல்லண்ணா வீட்டுல குளியுங்க. ரெண்டும் முடியாதுண்ணா எனக்க பக்கத்துல வந்து படுக்கப்பிடாது, சொல்லிட்டேன்."

சுயம்புராஜ் ஷவரை நினைத்துப் பார்த்தார். அன்றைக்கே பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அங்கே இருந்த எழுத்தர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பரிதாபமாகச் சிரித்தார்.

"கொழாய அடைக்கதா? எப்பிடி அண்ணாச்சி?"

"ரெண்டு சட்டி சிமெண்டு போரும். வேணும்ணா நானே கொழச்சுத் தாறேன்."

"அண்ணாச்சி, நீங்க கொஞ்ச காலம் வெளியூருல இருந்துட்டிய. இப்பம் அப்பிடியெல்லாம் மேல இருந்து ஒரு முடிவ எடுத்து ஊருமேல திணிக்கப்பிடாது. அது அராஜகமாக்கும். கோணாத்துக்கு 'பொதுமக்கள் பங்கேற்புடன் கூடிய கூட்டுத் திட்டமிடல்' வந்திருக்கு. எங்கயோ வெளிநாட்டுக்காரன் பணம் தாறான். அதுல வந்து பங்கெடுங்க."

"அதுல கொழாய அடைப்பாங்களா?"

"அத நீங்களே கூடிப் பேசி முடிவெடுக்கணும். அதுதான் அதுக்க அழகு."

தன் சொறிக்கு இப்படியொரு ஜனநாயக மதிப்பு இருக்கும் என்று சுயம்புராஜ் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சு நிறைந்து வீடு திரும்பினார்.

முதல் கூட்டம் கோலாகலம் மஹாலில் நடந்தது. வேறு எங்கே நடக்க முடியும்? ஊரில் ஏசி உள்ள ஒரே இடம் அதுதான். கோலப்பன் வாடகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதியச் சாப்பாடும் தன் பொறுப்பு என்றார். "ஆத்துக்காச்சுட்டி இதுகூட செய்யல்லண்ணா நான் என்ன மனுசன்?" என்று அவர் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள்.

கூட்டத்தை நடத்த சென்னையிலிருந்து இந்துஜா என்ற இளம்பெண் வந்திருந்தாள். பங்கேற்பில் முனைவர் பட்டம் பெற்றவள். நல்ல பெண். சிரித்த முகம். கையில் நாலு நிற ஒட்டுத்தாள் வைத்திருந்தாள். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, கைகோக்கச் சொல்லி, ஆற்றைப்போலச் சத்தம் எழுப்பச் சொன்னாள். இருநூறு பேர் "சலசல" என்றார்கள். பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர் சலசலத்ததை ஒருவர் வீடியோ எடுத்தார். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலிருந்து வந்திருந்த மீனவர் யூஜின் மட்டும் சும்மா நின்றார்.

"அண்ணா, நீங்க ஏன் சத்தம் போடல?" என்று இந்துஜா அன்போடு கேட்டாள்.

"எங்க பக்கம் வரும்ப ஆறு சத்தம் போடாது டீச்சர். நொரதான் தள்ளும்," என்றார் யூஜின்.

இந்துஜா அடுத்ததாகக் கூட்டத்தின் பொன்விதியை அறிவித்தாள். "இந்த அறையில யாரும் யாரையும் நோக்கி விரல் நீட்டக் கூடாது. நாம இங்க குற்றவாளிகளைத் தேட வரல. கனவுகளைத் தேட வந்திருக்கோம்." உடனே இருநூறு பேரும் விரல்களை மடக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றை வரைய வேண்டும் என்றாள். பலர் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. சுயம்புராஜ் தாளின் முழு அகலத்துக்கும் ஒரு குழாய் வரைந்தார்.

"இது என்ன அங்கிள்? யானையா?"

"கொழாயாக்கும் பிள்ளே. இந்தச் செவருக்கு அந்தப் பக்கம் கெடக்கு. ஒரு எட்டு வந்தா காட்டித் தாறேன்."

இந்துஜாவின் முகம் சிறிது வாடியது. "குழாய்னு எழுதினா ஒருத்தரைக் குறை சொல்ற மாதிரி ஆயிடும் அங்கிள். 'சவால்'னு எழுதலாமா?"

கோலப்பன் எழுந்தார். "சவாலுண்ணா எவனோ சண்டைக்கு விளிக்கது மாதிரி இருக்கு. ஆத்துக்க காரியத்துல சண்டை எதுக்கு?"

சபை அதை ஏற்றுக்கொண்டது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு குழாய்க்கு 'மேம்பாட்டு வாய்ப்பு' என்று பெயர் சூட்டப்பட்டது. ஒரு சாக்கடைக்கு இத்தனை மரியாதையோடு பெயர் வைத்த ஊர் வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்த வாய்ப்பை என்ன செய்வது என்பது சாப்பாட்டுக்குப் பின் கையுயர்த்தி முடிவு செய்யப்படும் என்று இந்துஜா சொன்னாள்.

இங்கே வாசகர்களுக்கு நெட்டவிளை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் இடத்தில் கை நனைத்துவிட்டால், அன்றைக்குப் பொழுது அடையும்வரை அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசக்கூடாது. சொத்துத் தகராறு பேசப் போகிறவர்கள் அங்கே மோர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சம்பந்தம் முறிக்கப் போகிறவர்கள் வெற்றிலையைத் தொட மாட்டார்கள். சண்டையெல்லாம் இலை போடுமுன் முடிந்துவிட வேண்டும். இந்துஜாவுக்கு இது தெரியாது. கோலப்பனுக்குத் தெரியும்.

இலை போட்டார்கள். பருப்பும் நெய்யும் வந்தன. அவியல், எரிசேரி, புளிசேரி, ரசம் என்று ஒவ்வொன்றாக இறங்கின. பாயசங்களின் ராஜாவான அடைப்பிரதமன் வந்தபோது கோலப்பனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, அதன்மேல் பிரதமனை விட்டு, சுயம்புராஜ் இலையை வழித்தார். ஒரு ஈடு, இரண்டு ஈடு. மூன்றாவது ஈட்டில் அவருடைய கண்கள் தாமாக மூடின.

பிற்பகல் அமர்வில் 'மேம்பாட்டு வாய்ப்பு' விவாதத்துக்கு வந்தது. சுயம்புராஜ் எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஏப்பம்தான் முதலில் வந்தது.

"அண்ணாச்சி," என்று கோலப்பன் பாசமாக விளித்தார். "பிரதமன் எப்பிடி இருந்து?"

இருநூறு பேரும் அவரையே பார்த்தார்கள். நாக்கில் இன்னும் வெல்லப்பாகு இருந்தது.

"கொள்ளாம்," என்றார் சுயம்புராஜ். "நல்லா கொள்ளாம்." அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'மேம்பாட்டு வாய்ப்பு குறித்து மூத்த குடிமக்கள் முழுத் திருப்தி தெரிவித்தனர்' என்று கூட்ட நடவடிக்கையில் பதிவாயிற்று. மறுநாள் காலை அவர் ஆற்றில் முங்கி எழுந்தபோது, முந்தின நாள் அவியலின் முருங்கைக்காய்ச் சக்கை அவர் தோளில் ஒட்டியிருந்தது. தான் தின்ற விருந்திலேயே மறுநாள் குளிக்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

"நேத்து வயித்துக்குள்ள போனது போராதுண்ணு இண்ணைக்கு மேலுக்கும் பூசிட்டு வந்திருக்கியளா?" என்று பூங்கனி கேட்டாள்.

"அடுத்த கூட்டத்துல அவன் எடத்துல பச்சத்தண்ணி தொடமாட்டேன், பாத்துக்கோ."

"பாக்கத்தானே போறேன்," என்றாள் அவள்.

இரண்டாவது கூட்டத்துக்கு அவர் காலைக் காப்பிகூடக் குடிக்காமல் போனார். அன்றைய நிகழ்ச்சிக்குப் பெயர் 'பொறுப்பேற்பு வட்டம்'. ஒவ்வொருவரும் எழுந்து, தாம் ஆற்றுக்கு அன்றாடம் என்ன கொடுக்கிறோம் என்று மனசாட்சியோடு சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்படுகிற மாசு மட்டுமே திட்டத்தில் இடம்பெறும். சொல்லாததை எழுதினால் அது திணிப்பாகிவிடும்.

கோலப்பன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்தார். "நான் கோணாத்துக்குக் குடுக்கது மரியாதை ஒண்ணுதான்."

பிராய்லர் கோழிக்கடைக்காரர் எழுந்தார். "நான் ஒண்ணும் போடுகதில்ல. எறகு லேசான சாதனம்லா? அது காத்துல பறந்து தானாட்டு ஆத்துல போய் விழுந்தா நான் என்ன செய்ய?" அவருடைய வேதனையில் சபை பங்குகொண்டது.

யூஜின் முறை வந்தது. "நாங்க கடைசியில கெடக்கோம் டீச்சர். நாங்க போடுகதில்ல, எடுக்கோம். போன வாரம் எனக்க வலையில ஒரு கூடை பேப்பர் டம்ளர் கிட்டிச்சு. எல்லாத்துலயும் 'கோலாகலம்'ணு—"

"பேர் வேண்டாம் அண்ணா, பேர் வேண்டாம்," என்று இந்துஜா பதறினாள். யூஜினின் பங்களிப்பு 'பொழிமுகத்தில் மாற்று மீன்பிடி வளம்' என்று பச்சை ஒட்டுத்தாளில் ஏறியது.

சுயம்புராஜுக்கு நெஞ்சு கொதித்தது. ஒருத்தனாவது உண்மையைச் சொன்னால் மற்றவர்களும் சொல்லுவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பாவம், வெகுகாலம் ஊரில் இல்லாத மனிதர். எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்:

"நான் சொல்லுகேன். காலைல குளிக்கும்ப நான் சோப்பு போடுகேன். தலைக்கு எண்ணெயும் உண்டு. அதுவும் ஆத்துலதான் போவுது. இனி நீங்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்போம்!"

மண்டபமே அதிரும்படி கைதட்டல். இந்துஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் நடத்திய கூட்டங்களிலேயே ஒருவர் மனசாட்சியோடு பேசியது இதுதான் முதல்முறை என்றாள். கோலப்பன் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பொன்னாடை போர்த்தினார். அத்தோடு விட்டாரா? ஒரு கிண்ணம் பாலடைப் பாயசத்தை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் தம் கையாலேயே ஒரு கரண்டி ஊட்டினார். காலையிலிருந்து பட்டினி. மரியாதைக்குத் தருவதைத் துப்ப முடியுமா? சுயம்புராஜ் வாயைத் திறந்தார். முதல் கரண்டிக்குப் பிறகு கிண்ணத்தை அவரே வாங்கிக்கொண்டார்.

அவருக்குப் பிறகு யாரும் உண்மை சொல்ல எழவில்லை. அவரும் குழாயைப் பற்றிப் பேசவில்லை. கை நனைந்துவிட்டதே.

மூன்றாவது கூட்டம் திட்ட வெளியீட்டு விழா. குலைவாழையும் செண்டைமேளமுமாக மஹால் ஜொலித்தது. 'பொதுமக்கள் பிரதிநிதி' என்ற முறையில் சுயம்புராஜுக்கு மேடையில் நாற்காலி. கூட்டம் பதினொரு மணிக்குத்தானே, அதற்குமுன் ஒரு முங்கு போட்டுவிட்டுப் போகலாமென்று அவர் படித்துறைக்கு நடந்தார்.

படித்துறையைக் காணவில்லை. அதாவது, இருந்தது. சுற்றிலும் ஆளுயரக் கம்பிவலை இருந்தது, கதவு இருந்தது, கதவில் பூட்டு இருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை: 'கோணாறு நீர்த்தர மேம்பாட்டுத் திட்டம். மாசின் பிறப்பிடம் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. பொதுமக்கள் பங்கேற்புடன்.' வலைக்கு அந்தப் பக்கம் குழாய் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. விருந்துக்குக் காய்கறி கழுவிய தண்ணீர் போலிருக்கிறது. கறிவேப்பிலை வந்தது.

தோளில் கிடந்த துவர்த்தோடே மஹாலுக்குள் போய் இந்துஜாவின் முன்னால் நின்றார்.

"பிள்ளே, என்ன காரியம் செஞ்சிருக்கிய?"

"நீங்க தந்த தகவல்தான் அங்கிள் திட்டத்துக்கே அடிப்படை," என்றாள் இந்துஜா, உண்மையான மகிழ்ச்சியோடு. "இந்த ஆத்துல பொதுமக்கள் ஒப்புக்கிட்ட ஒரே மாசு உங்க சோப்புதான். அதை முழுசா நிறுத்திட்டோம்."

"அப்பம் கொழாய்?"

"குழாயைப் பத்தி முடிவெடுத்த அமர்வுல யாரும் ஒரு குறையும் சொல்லலையே அங்கிள். நீங்களே நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இனிமேல் சாகும்வரை அந்த ஷவருக்குக் கீழேதான் என்பது அந்த நிமிஷம் அவருக்கு உறைத்தது. அழுகை வந்தது என்றே சொல்லிவிடலாம்.

உதவிப் பொறியாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நேற்றுச் சாயங்காலம் வேலி போட்டதிலிருந்து ஆற்றுநீர் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை என்றும், இறங்கிக் குளிப்பவர் இல்லாததால் இனியும் வர வாய்ப்பில்லை என்றும், எனவே நீரின் தரம் உயர்ந்துவிட்டது என்றும் அறிவித்தார். செண்டை ஒரு சுற்று முழங்கி அடங்கியது.

அப்போதுதான் சுயம்புராஜுக்கு ஒன்று தோன்றியது. மணி பதினொன்றரை. இன்னும் யாரும் சாப்பிடவில்லை. விறுவிறுவென்று மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"நாட்டாரே! இண்ணைக்கு இன்னும் ஒருத்தரும் கை நனைக்கல்ல. இப்பம் சொன்னா ஒரு வழக்கமும் மொறியாது. அந்தக் கொழாய் நாறுகது உங்களுக்குத் தெரியாதா? உங்க பிள்ளையளுக்குச் சொறி வரல்லியா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழும்பிச் சொல்லுங்க. வேலிய நானே பிரிச்சு எறியுகேன்!"

கூட்டம் அசைந்தது. நடுவரிசையில் யாரோ ஒருவர் தலையைச் சொறிந்தார். பின்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யூஜின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

கோலப்பன் மேடைக்கு வரவில்லை. வாதாடவில்லை. பந்திக்கூடத்துக் கதவை மட்டும் திறந்துவிட்டார். நெய்யில் வறுத்த முந்திரியின் மணம் மண்டபத்துக்குள் வந்தது.

"முதல் பந்தி போட்டாச்சு," என்றார். "இண்ணைக்கு மூணு பாயசமாக்கும்."

நாற்காலிகள் சரிந்தன. ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு ஓடினார். செண்டைக்காரர்கள் மேளத்தோடே ஓடினார்கள். அதிகாரிகள் கண்ணியமாக, ஆனால் வேகமாக நடந்தார்கள். பாதி எழுந்த யூஜின் மீதியையும் எழுந்து, சுயம்புராஜை ஒருமுறை பார்த்து, "மூணாமத்த பந்தியில சோறு ஆறிப்போவும் அண்ணாச்சி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒலிபெருக்கியோடு சுயம்புராஜ் தனியாக நின்றார். எதிரே நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த நிருபர் ஒருவர் மட்டும் மிச்சம். அவருக்கும் உள்ளே போக அவசரம். பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. இந்தத் திட்டத்துக்காகப் பொதுமக்கள் எல்லாரும் வாயைத் திறந்தாங்களா?"

சுயம்புராஜ் பந்திக்கூடத்தைப் பார்த்தார். இலை நிறைய முகங்கள். கை கழுவும் இடத்திலிருந்து தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"திறந்தோம் தம்பி. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் நல்லாத் திறந்தோம், நானும்தான்," என்றார். "சோறு திங்க."